மாடி டைல்ஸ் விளிம்பு: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 5
தளம் 5 மீட்டருக்கு 3. சுவர் மூன்று பக்கம். 5 மீட்டர் நீளப் பக்கம் திறப்பு. வாட்டம் அந்தத் திறப்பை நோக்கி, மீட்டருக்கு 1.5 செ.மீ. விளிம்பில் கலவை 3.5 செ.மீ. கனம், உள்சுவர் ஓரம் 8 செ.மீ. வாட்டத்தை இந்தக் கலவையிலேயே எடுத்துவிட வேண்டும். டைல்ஸ் பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டினால் மேல்தண்ணீர் மட்டும் ஓடும், அடித்தண்ணீர் நிற்கும். ஏழு நாள் ஈரச் சாக்கு.

பிப்ரவரி 3
அலுமினிய விளிம்புப் பட்டை, 2.5 மீட்டரில் இரண்டு. பூச்சுள்ள ரகமே நல்லது. வெறும் அலுமினியத்தைச் சிமென்ட் காரம் அரிக்கும். இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு மேலே இணைப்புத் துண்டு. நெருக்கி வைக்கவே கூடாது: 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஒரு பட்டை 2 மி.மீ.க்கு மேல் நீளும், இடமில்லாவிட்டால் ஓர டைல்ஸைத் தூக்கிவிடும். பட்டையின் சொட்டு மூக்கு (தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டும் முனை) சுவர் முகத்திலிருந்து 3 செ.மீ. வெளியே நிற்கிறது.

பிப்ரவரி 4
பட்டையின் காலும் (தளத்தில் படியும் பகுதி) தளமும் சேரும் கோட்டில் சீலிங் டேப். அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, வலை பதித்து முதல் கை. காய்ந்ததும் குறுக்குவாட்டில் இரண்டாம் கை. சுவரில் 15 செ.மீ. ஏற்றம்.

பிப்ரவரி 10
விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே தற்காலிக அணை கட்டி 48 மணி நேரம் தண்ணீர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக் கோடு போட்டாயிற்று. வாளியில் இறங்கிய அளவுதான் தளத்திலும் இறங்கியது. அது வெயில் குடித்தது. கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு.

பிப்ரவரி 13
டைல்ஸ். பட்டையில் அடித்தண்ணீர் வெளியேறும் வடிதுளைகள்மேல் முதலில் மாஸ்க்கிங் டேப். பசையைப் பல்கரணையால் நேர்கோடாகவே இழுக்க வேண்டும்; வட்டம் போட்டால் காற்று அடைபட்டு வெற்றிடம் விழும், அங்கே தண்ணீர் தங்கும். டைல்ஸின் முதுகிலும் மெல்லிய பூச்சு. பத்துக்கு ஒன்றைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதாகப் பெயர்த்ததில் ஒரு மூலை வெள்ளையாக, பசை படாமல் இருந்தது. அந்த வரிசை முழுக்க மறுபடி.

பிப்ரவரி 15
டைல்ஸ்களுக்கு இடையே இணைப்பு 5 மி.மீ., அதில் கிரௌட் (இடைவெளி நிரப்பும் சிமென்ட் கலவை). பட்டை ஓரம், சுவர் ஓரம், நடுவில் பட்டைகள் சேரும் நேர்க்கோடு, இம்மூன்றிலும் கிரௌட் கூடாது; நெகிழும் சீலன்ட் மட்டும். பட்டையில் பட்ட கலவையை ஈரம் காயுமுன் துடைத்தாக வேண்டும்.

பிப்ரவரி 24
கிரௌட் தண்ணீர் விடாது என்று நம்பித்தான் பலர் வடிதுளைகளை மூடிவிடுகிறார்கள். கிரௌட் தண்ணீரைக் குடிக்கும். வழியில்லாத தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து, ஓர டைல்ஸில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

நேற்றைய மழைக்குப் பின் மேல்தளம் காய்ந்துவிட்டது, துளைகள் இன்னும் சொட்டுகின்றன. அதுதான் வேண்டும். இடமிருந்து நான்காவது மட்டும் உலர்ந்திருந்தது: உள்ளே மாஸ்க்கிங் டேப்பின் ஒரு துணுக்கு. பிளாஸ்டிக் குச்சியால் எடுத்தாயிற்று. கம்பி விட்டால் பூச்சு கிழியும்.