ஒரே வகுப்பு, இரண்டு கணக்கு: முன்னாள் ராணுவத்தினரும் எடைக்குறைப்பும்

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவ அமைப்பான விஏ, 2006லிருந்து 'மூவ்' என்ற எடைக்குறைப்புத் திட்டத்தை நாடு முழுக்க நடத்திவருகிறது. பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 30ஐத் தொட்டவர்கள் சேரலாம். 25க்கு மேல் இருந்து, கூடவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்களும் சேரலாம். குழு வகுப்பு, தனி ஆலோசனை, வீடியோ, போன், செயலி என்று வழிகள் பல. நெறிமுறைப்படி 12 மாதத்தில் குறைந்தது 12 சந்திப்பு வேண்டும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மருத்துவரீதியாகப் பலன் உண்டு.

முன்னாள் ராணுவத்தினரில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். ஆனால் மூவில் சேரும் விகிதத்தைப் பார்த்தால் பெண்கள்தான் முந்துகிறார்கள். வகுப்பறைக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ்: பதினைந்து நாற்காலியில் ஒன்றிலோ இரண்டிலோதான் பெண் இருப்பார். பேச்சு, உதாரணம், கலோரி இலக்கு எல்லாம் பெரும்பான்மைக்கு ஏற்றபடி அமைந்துவிடுகிறது.

முதலில் இடிப்பது கலோரிக் கணக்கு. ஓய்வில் உடல் எரிக்கும் கலோரியை மிஃப்லின் சூத்திரத்தில் போடுவது வழக்கம்: எடை (கிலோ) × 10, கூட்டல் உயரம் (செ.மீ.) × 6.25, கழித்தல் வயது × 5. கடைசியில் ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். 45 வயது ஆண், 178 செ.மீ., 100 கிலோ என்றால் சுமார் 1,890. அதே வயதுப் பெண், 165 செ.மீ., 80 கிலோ என்றால் 1,445. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் என்று வைத்து 1.4ஆல் பெருக்கினால் ஒரு நாள் தேவை ஆணுக்கு 2,650, பெண்ணுக்கு 2,020.

இப்போது வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக "தினமும் ஆயிரம் கலோரி குறையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஆணுக்கு 1,650 மிஞ்சும், சமாளித்துவிடுவார். பெண்ணுக்கு மிஞ்சுவது 1,020. புரதம், இரும்பு, கால்சியம் மூன்றையும் அதற்குள் அடக்குவது பெரும்பாடு. பத்து நாள் தாக்குப்பிடித்துவிட்டுப் பதினோராம் நாள் ராத்திரி கட்டுப்பாடு உடையும். அதை மனவலிமைக் குறைவு என்று எழுதிவைக்கிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. தப்பு கணக்கில் இருக்கிறது. பெண்ணுக்கு 500 குறைத்து ஏறக்குறைய 1,500இல் நிறுத்தினால் போதும். எடை மெதுவாக இறங்கும், அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பலகையில் எழுதும்போதும் கிலோவாக எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள். ஆணுடைய 5 சதவீதம் 5 கிலோ, பெண்ணுடையது 4 கிலோ. கிலோவில் ஒப்பிட்டால் பெண் எப்போதும் பின்தங்கியே தெரிவார்.

அடுத்தது எடை பார்க்கும் மெஷின். சேவையில் இருந்த காலம் முழுக்க அது தண்டனைக் கருவி. அப்போதைய தரைப்படை விதியில் வயதைப் பொறுத்து உடல்கொழுப்பு வரம்பு ஆணுக்கு 20 முதல் 26 சதவீதம், பெண்ணுக்கு 30 முதல் 36. எடை மீறினால் டேப்பை எடுப்பார்கள். 2023இல் முறை மாறும்வரை ஆணுக்குக் கழுத்தும் வயிறும், பெண்ணுக்குக் கழுத்து, இடை, இடுப்பு மூன்றும். அளவெடுக்கும் நாளுக்கு முன் பட்டினி, பேதி மாத்திரை, வியர்க்கவைக்கும் சானா அறை என்று ஓடிப் பழகியவர்கள், இருபது வருஷம் கழித்தும் மூவ் வகுப்புக்கு முந்தின நாள் அதையேதான் செய்வார்கள். திங்கட்கிழமை எடை குறைந்திருக்கும், புதன்கிழமை ஏறியிருக்கும். வரிசையில் நிற்கவைத்து எடை பார்ப்பதை விட்டுத் தனி அறையில், வேண்டுமானால் எண் தெரியாதபடி திரும்பி நிற்கவைத்து எடுக்கலாம். சேரும்போதே "எடைக்காக எப்போதாவது வாந்தி எடுத்தீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்று இருபாலரிடமும் கேட்டுவிட வேண்டும். ஆமென்றால் கலோரிக் குறிப்பேட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் மனநல நிபுணர் பார்க்கட்டும்.

சேவைக்காலப் பாலியல் வன்முறையைப் பற்றி விஏ எல்லாரிடமும் கேட்கிறது. பெண்களில் மூவரில் ஒருவர், ஆண்களில் ஐம்பதில் ஒருவர் ஆமென்கிறார்கள். ஆண்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அந்த ஐம்பதில் ஒருவரும் சிறு கூட்டம் இல்லை. இவர்களில் சிலருக்கு எடை ஒரு கவசம். பத்து கிலோ குறைந்து, யாராவது "அழகாயிட்டீங்க" என்று சொன்ன வாரத்திலிருந்து வகுப்புக்கே வரமாட்டார்கள். பெண்களுக்கெனத் தனிக்குழு நடத்த முடிந்தால் நல்லது. ஒவ்வொரு விஏ மருத்துவமனையிலும் பெண்களுக்கான ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். ஆள் சேராத ஊர்களில் அவர் மூலம் வீடியோ குழுவில் சேர்த்துவிடலாம்.

ஆண்களிடம் சிக்கல் வேறு. டாக்டர் சர்க்கரை என்று சொல்லும்வரை எட்டிப்பார்க்க மாட்டார்கள். "மனசு சரியில்லாதபோது சாப்பிடுவீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "தூக்கம் வராத ராத்திரியில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள், பிரிட்ஜ் கதை வரும். பீரும் வரும்: ஒரு கேன் 150 கலோரி, நான்கு கேன் என்றால் 600. அதை நிறுத்தினாலே அன்றைய குறைப்பில் பாதிக்கு மேல் முடிந்தது.

உடற்பயிற்சியில் வாரம் 150 நிமிடம் என்பது பொது இலக்கு. குதிக்கும்போது சிறுநீர் கசிகிற பெண் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், வருவதை நிறுத்திவிடுவார். அவருக்கு நீச்சலும் சைக்கிளும், கூடவே இடுப்புத்தள பிசியோதெரபியும். மாதவிடாய் நின்ற பிறகு தசை கரைவதால் வாரம் இரண்டு நாள் எடைதூக்கும் பயிற்சியை விடக்கூடாது.

கடைசியாக மருந்து. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். மனநலத்துக்குத் தரும் மிர்டசபின், குவெட்டியபின், நரம்புவலிக்குத் தரும் கபாபென்டின் எல்லாம் எடை ஏற்றும். மாற்ற முடியுமா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எடைக்குறைப்பு மருந்துகளிலும் கவனம் வேண்டும். முதுகுவலிக்கு ஓபியாய்டு வகை வலிமருந்து எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன்-புப்ரோபியான் கூடவே கூடாது. கருவுறும் வயதில் இருப்பவர் என்றால் ஃபென்டெர்மின்-டோபிரமேட் தொடங்கும் முன்பும் மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை. செமாக்ளூடைட் எடுப்பவர் கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொடங்கியபின் நான்கு வாரம், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றியபின் நான்கு வாரம் ஆணுறை மாதிரி வேறு தடுப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.