பிரஷர் பார்ப்பது அவ்வளவு லேசில்லை

கிளினிக்கில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஊசி போடத்தான் பயப்படுகிறார்கள், பிரஷர் பார்ப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்குத் தெரிந்து அதிகம் தப்பாக நடப்பது அதில்தான். மாடிப்படி ஏறி வந்தவரை அப்படியே உட்காரவைத்துக் கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். 5 நிமிடம் சும்மா உட்காரட்டும், முதுகு சாய்ந்திருக்கட்டும், கால் தரையில் படட்டும், கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் சுற்றாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் இருப்பதாக வரும், அப்புறம் தேவையில்லாமல் மாத்திரை. (பெரிய பட்டை ஒன்று வாங்கிவைக்கச் சொல்லி டாக்டரை நச்சரிக்கலாம், தப்பில்லை.)

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றுங்கள், நாடி மறைந்த இடத்துக்கு மேல் இன்னும் 30 மி.மீ. (பாதரச அளவு) ஏற்றி, பிறகு நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்ற கணக்கில் மெதுவாக இறக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் முதல் ‘டக்’ கேட்பது மேல் அளவு, சத்தம் அடங்குவது கீழ் அளவு. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்ன முறைதான். அந்த நேரத்தில் “பேரன் எப்படியிருக்கான் பாட்டி?” என்று பேச்சுக் கொடுக்காதீர்கள், பேசினாலே அளவு ஏறும். சரி, 138 வந்தால் 138 என்றே எழுதுங்கள், 140 என்று ரவுண்டாக்க வேண்டாம்.