காணாமல் போன எடை: ஒரு வார நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

காலை எட்டேமுக்காலுக்கு டெஸ்பாட்ச் அண்ணன் போன். "ஏனுங் தம்பி, சாஃப்ட்வேருக்குள்ளயே போக முடியலீங். துணி ஏத்தி வண்டி நிக்குதுங், டிசி போட்டாத்தான் கிளம்பும்." டிசி என்பது துணியோடு போகும் டெலிவரி சீட்டு.

நேற்று ராத்திரி புது புரோகிராம் கோடை சர்வரில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்தது நான்தான். சர்வரின் லாகைத் திறந்தால் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: பார்ட்டி டேபிளில் நீ கேட்கும் ஃபீல்டு, அதாவது பத்தி, இல்லை. பிழை எண் 42703. முந்தைய வேலையில் வேறொரு டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரில் இதையே 207 என்று பார்த்திருக்கிறேன். ஆரக்கிள்காரர்களுக்கு இது 00904.

பார்ட்டி டேபிளில், அதாவது நாங்கள் கொடுக்கல் வாங்கல் செய்பவர்களின் பட்டியலில், நான் சேர்த்தது ஒரே ஒரு ஃபீல்டு: சாயப்பட்டறைக்கு அனுமதிக்கும் லாஸ், அதாவது சாயம் ஏறும்போது குறையும் எடையின் சதவீதம். ஆனால் எங்கள் ஈஆர்பியில், அதாவது கம்பெனி வேலையெல்லாம் ஓடும் சாஃப்ட்வேரில், லாகின் உள்ள ஒவ்வொருவருக்கும் அதே பார்ட்டி டேபிளில் ஒரு வரி உண்டு. ஆள் நுழையும்போதே புரோகிராம் அந்த வரியைப் புது ஃபீல்டோடு சேர்த்துக் கேட்கும். டேபிளில் இல்லாததால் மொத்தக் கம்பெனியும் வாசலில் நின்றுவிட்டது. கோடு மாறியதால் மட்டும் டேபிள் மாறிவிடாது, அந்த மாட்யூலை, அதாவது ஈஆர்பியின் அந்தப் பகுதியை, அப்டேட் செய்தாக வேண்டும். டெஸ்ட் டேட்டாபேஸில் சனிக்கிழமையே செய்திருந்தேன். லைவில் செய்ய மறந்துவிட்டேன். பிரவுசர் வழியாகச் செய்யலாமென்றால் அதற்கும் லாகின் வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டுக் கமாண்ட் லைனில் ஓட்டினேன். ஒன்பதரைக்கு முதல் டிசி அச்சாகி வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் கணக்குப் பார்க்கும் அக்கா வந்தார். "கண்ணு, பழைய லாட்டுக்கெல்லாம் சாயம் ஏறி வந்த எடை சைபர்னு காட்டுது. திருப்பூர் 15 வேலம்பாளையத்துப் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்கோணும்."

அடிவயிறு கலங்கியது. ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரு தடவையாகச் சாயத்துக்கு அனுப்பும் துணிக்கும், கிரே துணி (சாயம் ஏறாத துணி) போன எடை இருக்கிறது, திரும்பி வந்த எடை இல்லை. அது இல்லாமல் லாஸ் எப்படிப் போடுவது? டெஸ்ட் டேட்டாபேஸில் இப்படி ஒன்றுமே நடக்கவில்லை. ராத்திரி வரைக்கும் புரோகிராம் கோடையே படித்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. டேபிளைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

காலையில், டேபிள்களின் அமைப்பைச் சொல்லும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் லாட் டேபிளின் ஃபீல்டுகளை வரிசையாக எடுத்தேன். இருந்தது! பெயருக்குப் பின்னால் 'மூவ்டு0' என்று ஒட்டிக்கொண்டு, எல்லா எடையும் உள்ளே அப்படியே.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அவசரத்துக்கு, டேபிளை நேராக மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையைப் போட்டு, லைவில் மட்டும் அந்த ஃபீல்டைக் கையால் உண்டாக்கியிருக்கிறார், டெக்ஸ்ட் வகையாக. எக்செல்லில் இருந்து ஒரு ஸ்கிரிப்ட் நேராக அதில் எழுதிக்கொண்டிருந்தது. கோடில் எங்கும் அதற்குத் தடயமில்லை. இந்த முறை கோடில் நான் லாட் டேபிளுக்கும் அதே பெயரில் எண் வகையாக ஒன்றை அறிவித்தேன். அப்டேட் ஓடும்போது, டெக்ஸ்டை எண்ணாக மாற்றத் துணியாத ஈஆர்பி, பழையதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டது. அழிக்காமல் விட்டதே, அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை, அன்றைக்கும் ஏதோ வண்டி நின்றிருக்கும். ஆனால் ஃபீல்டு இல்லை என்று பிழை வந்தால் உடனே டேபிளில் கையால் ஒன்றைச் சேர்ப்பதை நான் இனி யாரையும் செய்ய விடமாட்டேன். பிழை வாயை மூடிக்கொள்ளும், காரணம் உள்ளேயே கிடக்கும். அதைக் கேட்பது யார், எந்த மாட்யூல், எந்த ரிப்போர்ட் என்று முதலில் பார்க்க வேண்டும். கேட்கிற ஃபீல்டுக்கு டேபிளில் இடமே இல்லாமலும் இருக்கலாம். சேமிக்காமல் அப்போதைக்கப்போது கணக்கிட்டுக் காட்டும் ஃபீல்டுகள் அப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

எடைகளைப் புது ஃபீல்டுக்கு மாற்றினேன். 23 வரிகள் மட்டும் எண்ணாக மாற மறுத்தன. சிலவற்றில் 'கிலோ' என்று எழுதியிருந்தது, சிலவற்றில் புள்ளிக்குப் பதில் கமா. அக்கா டிசி கட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். அவர் வாசிக்க நான் தட்டினேன். ஒரு சீட்டில் 136-ஆ 186-ஆ என்று தெரியவில்லை. பட்டறைக்கே போன் போட்டுக் கேட்டார். "நூத்தியெம்பத்தாறுங்," என்றது அந்தப் பக்கம்.

எக்செல் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். மூவ்டு0-வை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. நாளைக்குப் பட்டறைக் கணக்கு முடியட்டும்.