5 மில்லிகிராம் மருந்து, 115 மில்லிகிராம் துணை

120 மில்லிகிராம் எடையுள்ள சின்ன மாத்திரை. அதில் நோயைக் கவனிக்கிற மருந்து 5 மில்லிகிராம்தான். மீதி 115 மில்லிகிராமும் துணைப்பொருட்கள். மருந்தைக் கண்டுபிடித்துத் தூளாகக் கொடுப்பவர்கள் வேறு. அதை ஒருவர் விழுங்கக்கூடிய மாத்திரையாக்குவது எங்கள் ஃபார்முலேஷன் குழுவின் வேலை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நான் கூடவே நின்று செய்த முதல் மாத்திரை அது. "மருந்தைத் தவிர எதற்கு இத்தனை கெமிக்கல் சேர்க்கிறீர்கள்?" என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது ஃபில்லர், அதாவது மாத்திரையின் பருமனைக் கூட்டும் பொருள். 5 மில்லிகிராம் தூளை மட்டும் அழுத்தினால் விரலில் பிடிக்கக்கூட முடியாத துணுக்குதான் வரும். ஃபில்லர் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பால் சர்க்கரையான லாக்டோஸ். விலை குறைவு, நன்றாக அழுந்தும், பல காலமாகப் பழகிய பொருள். ஆனால் எங்கள் மருந்தின் மூலக்கூறில் நைட்ரஜன் கொண்ட ஒரு அமீன் தொகுதி இருந்தது. லாக்டோஸ் ஒடுக்கும் சர்க்கரை. இரண்டும் சேர்ந்தால் நிறம் மாறி மருந்து கெடும் மெயிலார்டு வினை நடக்கலாம். இது கல்லூரியிலேயே படித்ததுதான். இருந்தாலும் எல்லா அமீனும் ஒரே வேகத்தில் வினைபுரியாது என்பதால் சோதிக்காமல் ஒதுக்க மனம் வரவில்லை.

மருந்தோடு ஒவ்வொரு துணைப்பொருளையும் தனித்தனியாகக் கலந்து, திறந்த கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வைத்தோம். சில வாரங்களில் லாக்டோஸ் குப்பி மட்டும் தனியாகத் தெரிந்தது. மேல்பரப்பு இளமஞ்சளாகியிருந்தது, கரண்டியால் கிளறினால் அடியில் இன்னும் வெள்ளை. ஈரம் மேலிருந்துதானே இறங்கும். கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றிப் பார்த்தபோது மருந்தின் சிகரத்துக்குப் பக்கத்தில் முன்பு இல்லாத சின்னச் சிகரம் ஒன்று எழுந்திருந்தது, அதாவது புதிதாக ஒரு பொருள் உருவாகியிருந்தது. அதோடு லாக்டோஸை விட்டுவிட்டோம். தூளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பைண்டராகப் போவிடோனையும் யோசித்தோம். அதில் நுண்ணளவில் பெராக்சைடு இருக்கும், ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகும் மருந்தை அது கெடுக்கும். எங்கள் மருந்து அந்த வகைதான் என்பதால் அதுவும் போனது. ஃபில்லராகக் கடைசியில் நின்றவை மானிட்டாலும் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸும். இந்த செல்லுலோஸ் அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும், தனியாக பைண்டர் தேவைப்படவில்லை.

அப்புறம் கலவை. ஒவ்வொரு மாத்திரையிலும் அதே 5 மில்லிகிராம் இருந்தாக வேண்டும். மருந்து முழுவதையும் ஒரே தடவையில் கொட்டினால் பரவாது. அதனால் மருந்தோடு அதே அளவு செல்லுலோஸ், பிறகு அந்தக் கலவையின் அளவுக்கு இன்னொரு பங்கு என்று இரட்டித்துக்கொண்டே போனோம். மருந்துத் துகளும் ஃபில்லர் துகளும் அளவில் ரொம்ப வித்தியாசப்பட்டால் மெஷினுக்குத் தூளை இறக்கும் ஹாப்பர் அதிர்கிற அதிர்விலேயே பிரிந்துவிடும் என்பதால் மானிட்டாலின் தரத்தையும் அதற்கேற்றபடி தேர்ந்தெடுத்தோம்.

உண்மையான சோதனை மெஷினில் ஏற்றியபோதுதான் வந்தது. தூளை அழுத்தும் உலோக அச்சுக்கு பஞ்ச் (punch) என்று பெயர். மானிட்டால் அந்தப் பஞ்சில் ஒட்டும். மாத்திரையின் ஒரு பக்கம் எழுத்துப் பொறித்திருந்தோம்; கொஞ்ச நேரம் ஓடியதும் எழுத்தின் உள்வட்டம் பெயர்ந்து பஞ்சிலேயே தங்கிவிட்டது. இதற்கு வழக்கமான தீர்வு, ஒட்டாமல் வழுக்கவைக்கும் லூப்ரிகன்டான மெக்னீசியம் ஸ்டியரேட். அதை 0.75 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாக உயர்த்தினோம், பிளெண்டரிலும் கூடுதல் நேரம் சுற்றவிட்டோம். ஒட்டல் நின்றது. மாத்திரை பளபளவென்று வந்தது.

அந்த மாத்திரையை, மருந்து எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் டிசல்யூஷன் சோதனையில் போட்டோம். 37 டிகிரியில் 900 மில்லிலிட்டர் திரவம், அடியில் துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று. முந்தைய மாத்திரை அதில் விழுந்ததும் உடைந்து சிதறியது. இது உருக்குலையாமல் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தது. மேலே குட்டிக் காற்றுக்குமிழிகள் ஒட்டியிருந்தன, தண்ணீர் உள்ளே போகவே இல்லை. மெக்னீசியம் ஸ்டியரேட் தண்ணீரை வெறுக்கும் பொருள். அதிக நேரம் கலந்தால் ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய படலமாகப் பூசிக்கொள்ளும். அதன்பின் உள்ளே போகப் பார்க்கும் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர்தான். துகள்கள் ஒன்றையொன்று பிடிப்பதும் குறைவதால் மாத்திரையின் கடினமும் இறங்கியிருந்தது. 30 நிமிடத்தில் கரைய வேண்டிய மருந்தில் பெரும்பகுதி மாத்திரைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. மருந்தின் அளவை எடுத்துச் சோதித்தால் 5 மில்லிகிராமும் சரியாக இருக்கும். நோயாளிக்கு மட்டும் அது கிடைத்திருக்காது. இந்த வேலையில் எனக்கு இன்றும் அச்சம் தருவது இதுதான்.

மாத்திரையை உடைக்கும் பொருளான டிஸ்இன்டகிரன்டைக் கூட்டி இதைச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த வகையைச் சேர்ந்த க்ராஸ்கார்மெலோஸ் சோடியத்தைக் கூட்டிப் பார்த்தோம். அது தண்ணீரை இழுத்து வீங்கி மாத்திரையை உடைக்கும். ஆனால் தண்ணீர் அதைத் தொட்டால்தானே. ஓரளவுக்கு மேல் பலன் இல்லை. பிறகு லூப்ரிகன்டையே மாற்றி சோடியம் ஸ்டியரில் ஃப்யூமரேட்டுக்குப் போனோம். விலை அதிகம், ஆனால் தண்ணீரை அந்த அளவுக்கு விரட்டாது, கலக்கும் நேரம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். அதைக் கடைசியாகச் சேர்த்து, கொஞ்ச நேரம் மட்டும் கலந்தோம். எழுத்தும் பெயரவில்லை, கரைதலும் திரும்பியது. மாத்திரையை உருளையில் சுழற்றி எவ்வளவு உதிர்கிறது என்று பார்க்கும் ஃப்ரையபிலிட்டி சோதனையில் 100 சுற்றுக்குப் பின் எடை இழப்பு அனுமதிக்கப்பட்ட 1 சதவீதத்துக்கு வெகு கீழே.

ஃபில்லரை மாற்றுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எங்கள் மூத்தவர் 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்ததைச் சொல்வார். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் காப்ஸ்யூலில் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸைப் போட்டார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் உடல் உறிஞ்சும் அளவு கூடி, அதே மருந்தைச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு நச்சு அறிகுறிகள் வந்தன. அதற்கும் முன்னால் 1937இல் அமெரிக்காவில் கிருமித்தொற்று மருந்தான சல்ஃபானிலமைடைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியதில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். கொன்றது மருந்தல்ல, கரைப்பான். மறு வருடம் அங்கே வந்த சட்டம் விற்பனைக்கு முன்பே பாதுகாப்பை நிரூபிக்கச் சொன்னது.

எங்கள் மாத்திரைக்குக் கடைசியில் மெல்லிய பூச்சும் மஞ்சள் அயர்ன் ஆக்சைடும் போட்டோம். பூச்சு கசப்பை மறைக்க. நிறம், இதே மருந்தின் 10 மில்லிகிராம் மாத்திரையோடு யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நிறம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களிடம் நான் கண்டிப்பாக வாதிடுவேன்.

உங்கள் மாத்திரையின் பிராண்ட் மாறி, ஒத்துக்கொள்ளாதது போலத் தோன்றினால், மருந்தின் பெயரை மட்டும் பார்க்காமல் உள்ளே வரும் தாளில் துணைப்பொருட்களின் பட்டியலையும் படியுங்கள். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் சரியாகச் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடான ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்கள் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளின் சோடியத்தைக் கவனிக்க வேண்டும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாத்திரையில் இருக்கும் அளவு தொந்தரவு தராது. தினமும் பல மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் அந்தத் தாளோடு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள். எந்தப் பெயரில் சந்தேகம் என்று விரல் வைத்துக் காட்டினால், அது இல்லாத வேறு தயாரிப்பைத் தேடித்தர அவர்களுக்கும் சுலபம்.