கொல்லங்குடி காளிக்கு அம்மாவின் தாலிக்குண்டு

ஐப்பசியில் தம்பி போன படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. வாடைக்காற்று வேறு. தொண்டிக் கரையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்து அம்மா கூப்பிட்டது கொல்லங்குடி வெட்டுடையார் காளியைத்தான்.

"ஆத்தா, ராணி போன வழி தெரிஞ்சும் வெள்ளைக்காரனுக்குச் சொல்லாதவ நீ. எம்புள்ள கெடக்குற எடமும் உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லு, என் தாலிக்குண்டைத் தாரேன்."

விடிந்ததும் ஒரு விசைப்படகு தம்பியைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

தை வெள்ளியில் மதுரை பஸ் ஏறினோம். காளையார்கோவில் கோபுரம் தெரிந்ததுமே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். 1772-ல் அங்கேதான் சிவகங்கைச் சீமையை ஆண்ட முத்துவடுகநாதர் வெள்ளைக்காரக் கும்பினிப் படையிடம் மாண்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் எங்கள் சேதுச்சீமையில், ராமநாதபுரத்தில் பிறந்தவர். மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சிக்குத் தப்பினார். அவர் போன வழி கேட்டு உடையாள் என்ற பெண்ணைக் கும்பினிக்காரர்கள் பிடித்தார்கள். தெரியாது என்றிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. "தெரியும், சொல்ல மாட்டேன்" என்றாளாம். வெட்டிவிட்டார்கள். அவளைத்தான் வெட்டுடையார் காளியாகக் கும்பிடுகிறோம். 1780-ல் சிவகங்கைச் சீமையை மீட்ட நாச்சியார் தன் வைரத் தாலியையே அவளுக்குக் காணிக்கையாக்கினார் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

கோயிலில் சொல்லி மாளாத கூட்டம். "ஐந்நூறு குடுங்க, நேரா சந்நிதிக்குக் கூட்டிப் போறேன்" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். எலுமிச்சை மாலைக்குச் சொன்ன விலையில் ஒரு வேளை மீன் வாங்கலாம். கெடுதல் செய்தவரைத் தண்டிக்கச் சொல்லிக் காசு வெட்டிப் போட வந்த ஒரு பெண் வரிசையிலேயே யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள். ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

சந்நிதி முன் வந்ததும் அம்மா கயிற்றை வெளியே எடுத்தார். மஞ்சள் ஊறி முடிச்சு இறுகியிருந்தது, நகத்துக்கு அசையவில்லை. பின்னால் "நகரும்மா, நகரும்மா" என்று சத்தம். அம்மா பல்லால் கடித்து அவிழ்த்தார். உதட்டில் மஞ்சள் ஒட்டியிருக்க, குண்டை உருவி உண்டியலில் போட்டார். அப்பா திரும்பி நின்று துண்டால் முகம் துடைத்தார். சாமியென்றால் சிரிக்கிற தம்பி அந்தத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எனக்கு எதுவுமே கேட்கத் தோன்றவில்லை. ஆத்தா, ஆத்தா என்றுதான் வாய் சொன்னது. பூசாரி என்ன கொடுத்தார், எப்படி வெளியே வந்தோம், ஒன்றும் நினைவில்லை. கொடுத்தாயே தாயே, அது போதும்.

பஸ்ஸில் அம்மா காதோடு சொன்னார்: "அடுத்த தைக்கு அவன் பொண்டாட்டியோட வாரேன்னு சொல்லிட்டேன். பொண்ணு பாக்கணும்டி."