விளிம்பில் தொடங்கும் விரிசல்: ஒரு ஹேங்கர் நாட்குறிப்பு

மார்ச் 4

மாலையில் இறங்கிய இரட்டை எஞ்சின் டர்போப்ராப் விமானத்தின் லாக் புக்கில் விமானி ஒரே வரி எழுதியிருந்தார்: "இறங்கத் தொடங்கியபோது இடப்பக்க முன்கண்ணாடி சத்தத்தோடு விரிசல் விட்டது." பத்துப் பேருக்குள் ஏறும் விமானம்தான், ஆனால் பிரஷர் கேபின் உள்ளது, அதாவது உயரத்தில் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும். காக்பிட்டில் ஏறிப் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். இடப்பக்க இருக்கையிலிருந்து ஓடுபாதை தெரிந்திருக்கவே வழியில்லை. வலப்பக்கத்தில் இருந்தவர்தான் தரையிறக்கியிருக்கிறார்.

இந்த நிலையில் முதலில் தெரிய வேண்டியது, போனது எந்த அடுக்கு என்பது. இந்த முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அல்ல. வெளியே மெல்லிய கண்ணாடி, உள்ளே தடித்த கண்ணாடி, நடுவே வினைல் படலம். வெளி அடுக்கு தேய்மானத்தைத் தாங்கவும், பனி படியாமல் சூடேற்றும் படலத்தைச் சுமக்கவும் இருக்கிறது. கேபின் அழுத்தத்தைத் தாங்குவது உள் அடுக்கும் வினைலும். வெளி அடுக்கு உடைந்தால் பார்வை போகும். உள் அடுக்கு உடைந்தால் விஷயமே வேறு.

உள்பக்கம் நகத்தால் கோடுகளின் குறுக்கே இழுத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வெளியே ஏணி போட்டு ஏறி அதையே செய்தேன், நகம் தட்டியது. இன்னொரு சோதனையும் உண்டு. உள்பரப்பில் சின்னதாக டேப் ஒட்டிவிட்டுத் தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் டேப்பைவிட்டு விலகி நகர்ந்தால் அது ஆழத்தில், அதாவது வெளி அடுக்கில் இருக்கிறது. நகர்ந்தது. விமானி மேலேயே கேபின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். அடுக்கு எது என்று நிச்சயமாகத் தெரியாத நேரத்தில் அதுதான் சரி.

அந்தக் கண்ணாடி என்ன சுமக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டால் புரியும். 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 3,000 சதுர செ.மீ. உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வேறுபாடு 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் 0.42 கிலோ. மொத்தம் ஏறத்தாழ 1,260 கிலோ. விமானியின் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு பயணத்திலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பாரம் அது.

மார்ச் 5

பகல் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி, "பறவை அடிச்சிருக்குமாண்ணே?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பறவை மோதினால் இறகோ ரத்தமோ எங்காவது ஒட்டியிருக்கும், விரிசல்களும் மோதிய இடத்திலிருந்து பிரிந்து ஓடும். இங்கே எல்லாக் கோடுகளும் கீழ் விளிம்பின் ஒரு மூலையிலிருந்து கிளம்பியிருந்தன. அந்த மூலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். கடுகு அளவில் பழுப்புக் கருகல், அதைச் சுற்றி வினைலில் குமிழிகள், விளிம்பை ஒட்டிப் பால் போன்ற வெண்மை.

இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். வெளி விளிம்பில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூச்சு தேய்ந்து நீர் உள்ளே போயிருக்கிறது. சூடேற்றும் படலத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் உலோகப் பட்டை அந்த ஈரத்தில் அரித்திருக்கிறது. பட்டையும் படலமும் சேரும் இடத்தில் தீப்பொறி பறந்து, ஒரு புள்ளி மட்டும் கடுமையாகச் சூடாகி, கண்ணாடி அங்கிருந்து பிளந்திருக்கிறது. சீலன்ட்டைத் தொட்டேன், மழையும் காற்றும் அரித்து ஓரம் முழுக்கச் சொரசொரப்பு. ஓரிடத்தில் விரல்நகம் உள்ளேயே போனது.

2018 மே 14 அன்று சீனாவில் சோங்சிங்கிலிருந்து லாசாவுக்குப் போன ஏர்பஸ் ஏ319 விமானத்தின் வலப்பக்க முன்கண்ணாடி சுமார் 32,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. துணை விமானி பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டு உயிர் தப்பினார். கேப்டன் லியு சுவான்ஜியன் உறையும் குளிர்க் காற்றில் விமானத்தைச் செங்டுவில் இறக்கினார். விசாரணை அந்த விபத்துக்குச் சொன்ன காரணமும் இதே வரிசைதான்: சீல் கெட்டது, ஈரம் புகுந்தது, மின்கம்பியில் தீப்பொறி, ஓரிடத்தில் மட்டும் கடும் சூடு, உடைப்பு. அது பெரிய விமானம், இது சின்னது. ஈரத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

மார்ச் 6

புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் போட்டாயிற்று. வரும்வரை விமானம் நகராது. "வெளி அடுக்குதானே, தாழப் பறந்து ஒரு தடவை போய்விட்டு வரலாமே" என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பார்வை மறைத்த கண்ணாடியோடு பயணிகளை ஏற்ற எந்த மேனுவலிலும் இடமில்லை, இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்ச் 8

இடையில் வந்த வேலை: பிரஷர் இல்லாத ஆறு இருக்கை பிஸ்டன் விமானம். இதன் முன்கண்ணாடி முழுக்க அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். இதன் வியாதிகள் வேறு, வைத்தியமும் வேறு.

வெயிலை எதிர்கொண்டு பறந்தால் கண்ணாடி முழுக்கப் பளபளவென்று ஒளி சிதறுகிறது என்பது விமானியின் புகார். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்ததும் முடியிழை போன்ற வெடிப்புகள் ஆயிரக்கணக்கில் மின்னின. இதை நாங்கள் கிரேஸிங் என்கிறோம். திசை இல்லாமல் தாறுமாறாகக் கிடந்தால் பெரும்பாலும் ரசாயனத்தின் வேலை. ஒரே திசையில் இணையாக ஓடினால் எங்கோ இழுவிசை இருக்கிறது என்று பொருள். இது முதல் வகை. விசாரித்தால், வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்திருக்கிறார்கள்.

அக்ரிலிக்கைத் துடைப்பது பற்றிக் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் கேட்டுவிட்டுச் செய்பவர்கள் குறைவு. அம்மோனியா, அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக்கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, மோதிரம் கழற்றிய வெறுங்கையால் தடவி மண்ணை நகர்த்த வேண்டும். கைக்குத்தான் ஒரு மணல் துகள் இருந்தாலும் தெரியும், துணிக்குத் தெரியாது. பிறகு மென்மையான சோப்பு நீர், மறுபடி தண்ணீர், ஈரமான மெத்தென்ற துணி. காய்ந்த துணியால் தேய்த்தால் கீறலும் விழும், நிலைமின்னேற்றம் ஏறித் தூசியையும் இழுத்துக்கொள்ளும்.

கிரேஸிங் மட்டும் என்றால் ஆழத்தை அளந்து, மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள் மெருகேற்றிப் பார்க்கலாம். ஆனால் கீழ் ஓரத்து ஸ்குரூ துளை ஒன்றிலிருந்து விரல் நீளத்துக்கு உண்மையான விரிசல் ஓடியிருந்தது. விரிசலின் நுனியில் 3 மி.மீ. அளவில் துளையிட்டு அதை நிறுத்தும் பழைய முறை உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற பராமரிப்புக் கையேட்டிலும் அது இருக்கிறது, தற்காலிக ஏற்பாடு என்ற அளவில். நுனிக்குக் கூர்மை இருக்கும்வரை விசை அங்கே குவியும், வட்டத் துளை அதைப் பரப்பிவிடும். ஆனாலும் விமானியின் பார்வைப் பாதையை நோக்கிப் போகிற விரிசலுக்கு இந்த ஒட்டு வேலை வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றச் சொல்லி எழுதினேன்.

அந்தத் துளையில் ஏன் தொடங்கியது? ஸ்குரூவை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். சூட்டுக்கு அக்ரிலிக் அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் அகலத் தகடு 40 டிகிரி வித்தியாசத்தில் 2.8 மி.மீ. நீளும்போது சட்டம் ஒரு மி.மீ. கூட நீளாது. மீதி 2 மி.மீ. எங்கே போகும்? அதனால்தான் துளையை போல்ட்டைவிடப் பெரிதாக விடுகிறோம், நட்டை இறுக்கிவிட்டு ஒரு முழுச் சுற்று பின்னே தளர்த்தச் சொல்கிறது அதே கையேடு. எந்த நட்டையும் இறுக்கமாக விட்டால்தான் கைக்குத் திருப்தி. அக்ரிலிக் விஷயத்தில் அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

மார்ச் 11

டர்போப்ராப்பின் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. பழையதைக் கழற்றினோம்.

கழற்றுவதற்கு முன்பே ஒரு பலகையில் கண்ணாடியின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடமெல்லாம் துளையிட்டு வைத்தோம். எந்தத் துளையிலிருந்து எந்த போல்ட் வந்ததோ அது பலகையில் அதே இடத்தில் நிற்கும். மூலைகளில் ஒரு நீளம், இரண்டு முன்கண்ணாடிகளுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் இன்னொரு நீளம். சீலன்ட்டை வெட்ட உலோகக் கத்தி கூடாது, பிளாஸ்டிக் சுரண்டிதான். சட்டத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் நாளை அதுவே அரிப்பின் வாசல்.

எல்லாம் வெளியே வந்த பிறகு பலகையையும் பார்ட்ஸ் கேட்டலாகையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். மேல் வரிசையில் ஒரு போல்ட் கேட்டலாகில் உள்ளதைவிடக் குட்டை. முன்பு எப்போதோ வேறெங்கோ மாட்டியது. தம்பிக்கு ஆச்சரியம்: "பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டாப் போதும்னு நெனச்சேண்ணே."

அவனுக்கு 1990 ஜூன் 10 கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிஏசி ஒன்-லெவன் விமானம் 17,300 அடியில் ஏறிக்கொண்டிருந்தபோது இடப்பக்க முன்கண்ணாடி பறந்தது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடி பறப்பதற்கு 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மற்ற ஆறும் விட்டம் சரி, நீளம் குறைவு. மாட்டியவர் கழற்றிய போல்ட்டை மாதிரியாக வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். 0.026 அங்குலம் என்றால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, பாகத்தின் எண்ணைப் படித்தால் மட்டும்தான் தெரியும்.

குட்டை போல்ட்டைத் தனியே சீட்டுக் கட்டி வைத்துத் தரக் கட்டுப்பாட்டுக்குத் தகவல் எழுதினேன். தம்பி எல்லாப் புதுப் போல்ட்டுகளின் எண்களையும் வாய்விட்டுப் படித்தான், நான் கேட்டலாகில் டிக் அடித்தேன்.

மார்ச் 12

புதுக் கண்ணாடியின் பாதுகாப்புப் படலத்தை உரிக்காமலே சூடேற்றும் சுற்றின் மின்தடையையும், வெப்ப சென்சார்கள் இரண்டின் மின்தடையையும் அளந்து லேபிளோடு ஒப்பிட்டோம். மாட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி கழற்ற வேண்டும். பிறகு சீலன்ட் இல்லாமல் ஒரு முறை வெறுமனே பொருத்தி, நான்கு பக்கமும் இடைவெளி சமமா என்று ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை விட்டுப் பார்த்தோம். கீழ் மூலையில் சட்டத்தோடு உட்காரவில்லை. போல்ட்டால் இழுத்து உட்கார வைத்துவிடலாம்தான், ஆனால் அந்த வளைவை வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி சுமக்கும். இடைவெளியை நிரப்பும் ஷிம் தகடு வைத்துச் சரி செய்ய மதியமாகிவிட்டது.

இறுக்கியது மேனுவல் வரிசைப்படி, எதிரெதிரே, இரண்டு சுற்றாக. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச்சின் காலிபரேஷன் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் வண்ணக்கோடு. வேலையில் கை வைக்காத இன்னொரு இன்ஸ்பெக்டர் வந்து தனியாகச் சரிபார்த்தார்.

மார்ச் 13

சீலன்ட் காய்கிறது. ஹேங்கர் குளிராக இருப்பதால் கூடுதல் நேரம் வேண்டும். அலுவலகத்திலிருந்து மறுபடி கேட்டார்கள். அதே கலவையில் கொஞ்சத்தை ஒரு தகட்டில் தடவி வைத்திருக்கிறேன், அது இறுகினால்தான் இதுவும் இறுகியது.

மார்ச் 16

தகட்டில் சீலன்ட் ரப்பராகிவிட்டது. தரையிலேயே கேபினுக்கு அழுத்தம் ஏற்றி, விளிம்பெல்லாம் சோப்புக் கரைசல் தடவினோம். எங்கும் குமிழி இல்லை. சூடேற்றியை இயக்கி ஆம்பியரும் கண்ட்ரோலர் நிறுத்தித் தொடங்குவதும் பார்த்தோம், சரி.

கடைசியில் காந்தத் திசைகாட்டி. நடுத்தூணில் முன்கண்ணாடியை ஒட்டியே இருக்கும் கருவி. சூடேற்றும் மின்சாரம் அதன் முள்ளை இழுக்கும். அருகில் காந்தம் பிடிக்கும் ஸ்குரூ ஒன்று மாறி விழுந்திருந்தாலும் இழுக்கும். விமானத்தைத் திசைதிசையாகத் திருப்பி, சூடேற்றி நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் அளந்து, முள் எந்தத் திசையில் எவ்வளவு பிசகுகிறது என்று காட்டும் புதுத் திருத்த அட்டை எழுதி மாட்டினோம். சூடேற்றி ஓடும்போது முள்ளை நம்ப வேண்டாம் என்று விமானியிடம் நேரிலும் சொன்னேன்.

மார்ச் 17

காலையில் சோதனைப் பறப்பு, புகார் எதுவும் இல்லை. பணிக்குத் திரும்பக் கையெழுத்துப் போட்டேன்.

வலப்பக்கக் கண்ணாடியின் லேபிளைப் பார்த்தேன். கழற்றிய இடப்பக்கக் கண்ணாடி தயாரான அதே ஆண்டு, ஒரே காலத்தில் மாட்டியது, அதே மழை வெயில். கருகலோ வெண்மையோ இல்லை, ஆனால் கீழ் ஓரச் சீலன்ட்டில் சொரசொரப்பு தொடங்கிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் அந்த ஓரத்தைச் சுரண்டிப் புதுச் சீலன்ட் போடவும், சென்சார் மின்தடை எடுக்கவும் வேலை அட்டை திறந்து, தம்பி பெயரையும் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.