அந்தக் கோடையை நோக்கி: ஹிசாய்ஷியின் இசையோடு மூன்று வாரங்கள்

2024 ஜூன் 3, திங்கள்

ஜப்பானிய இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியின் ‘ஒன் சம்மர்ஸ் டே’ என்னும் பியானோ இசையை இன்று முதல் முறையாகப் பழகத் தொடங்கியிருக்கிறேன். அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படம் இந்த இசையோடுதான் தொடங்குகிறது. பத்து வயதுச் சிறுமி சிஹிரோ காரின் பின்னிருக்கையில் ஒரு பூங்கொத்தை அணைத்தபடி படுத்திருக்கிறாள். தோழி கொடுத்த பிரிவு வாழ்த்து அட்டைதான் படத்தில் நாம் முதலில் காண்பது. புதிய ஊருக்குக் குடிபெயர்கிறார்கள். அவளுக்குப் போக மனமில்லை. அதற்கு ஹிசாய்ஷி எழுதியிருப்பது அழுகையும் அல்ல, ஆறுதலும் அல்ல. ஒரே கார்ட், அதாவது ஒன்றாக அழுத்தப்படும் சில சுரங்கள், சற்றே இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பிறகுதான், பேசலாமா வேண்டாமா என்று தயங்கியதுபோல மெட்டு நுழைகிறது. தொடக்கத்தில் விரல்களுக்குப் பெரிய வேலை இல்லை என்று எண்ணி உட்கார்ந்தேன். எழுதப்பட்ட சுரங்களை வாசிக்க அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. அவற்றின் நடுவே உள்ள இடைவெளியை அதன் அளவில் விடுவதற்கு இன்று முடியவில்லை.

ஜூன் 5, புதன்

இந்த இசையின் ஜப்பானியப் பெயர் ‘அனோ நாட்சு ஏ’. ‘ஏ’ என்பது அம்மொழியில் திசையைக் குறிக்கும் உருபு. ஆகவே ‘ஒரு கோடை நாள்’ என்பதைவிட ‘அந்தக் கோடையை நோக்கி’ என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கிலப் பெயர் ஒரு நாளை நம் முன் நிறுத்துகிறது. மூலப் பெயரோ எங்கோ புறப்பட்டுப் போகிறது. இதை அறிந்த பிறகு வாசித்தபோது இடக்கை தானாகவே சற்று முன்னோக்கி நடந்தது.

ஜூன் 9, ஞாயிறு

நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். மியசாகியின் படங்களுக்காக ஹிசாய்ஷி எழுதியவற்றில் மக்கள் அதிகம் நேசிப்பவை எவை என்று கேட்டால், எவரும் சொல்லும் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்தப் பெயர்களைத் தமிழாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது எனக்கு வியப்பாக இருந்தது. ‘லபூட்டா’வின் (1986) முடிவில் அசுமி இனோவே பாடுவது ‘உன்னை ஏற்றிக்கொண்டு’. அதன் வரிகள் மியசாகி எழுதியவை. ‘டொட்டோரோ’வின் (1988) தொடக்கப் பாடல் ‘உலா’. அதே படத்தின் பெருங்கற்பூர மரத்தோடு என் மனத்தில் பிணைந்துவிட்ட மெட்டு ‘காற்று கடந்து செல்லும் வழி’. ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ படத்துக்கு ‘வாழ்வெனும் குடைராட்டினம்’. எல்லாம் நகர்கின்றன. ‘கிகி’ஸ் டெலிவரி சர்வீஸ்’ (1989) படத்தின் ‘கடல் தெரியும் ஊர்’ மட்டும் பெயரளவில் அசையாமல் நிற்கிறது. ஆனால் அது ஒலிக்கும் இடமோ, சரக்கு ரயிலின் வைக்கோலில் உறங்கி எழுந்த பதின்மூன்று வயது சூனியக்காரி கிகி, துடைப்பத்தில் ஏறிக் கடலோர நகரத்தை முதன்முதலாக நெருங்கும் காட்சி. (சுவீடனின் ஸ்டாக்ஹோமையும் விஸ்பியையும் மனத்தில் வைத்து வரையப்பட்ட நகரம் அது.)

சண்டைக்கும் ஆபத்துக்கும் அவர் எழுதிய இசை குறைந்ததன்று. ‘இளவரசி மொனோனோகே’யின் (1997) பேரிசை என் உடலைச் சிலிர்க்க வைக்கிறது. ஆயினும் மனம் திரும்பத் திரும்பப் போவது, கதையில் பெரிதாக எதுவும் நிகழாத, ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்தை அடையாத அந்த நடுவழிகளுக்கே. அவரது பெரும்புகழ் அங்கேதான் பிறந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜூன் 12, புதன்

வகுப்பு. ஒலியை நீட்டிக்கும் பெடலை நான் மிதித்த காலை எடுப்பதே இல்லை என்று ஆசிரியை சொன்னார். பழைய கார்டின் ஒலி புதிய கார்டின் மேல் படிந்து, தண்ணீர் பட்ட மைபோல எல்லாம் கலங்கிவிடுகிறது. கார்ட் மாறும் கணத்தில் காலைத் தூக்கி, விரல் விழுந்த பிறகு மீண்டும் மிதிக்க வேண்டும். இருபது முறை அதை மட்டுமே செய்தோம்.

ஜூன் 16, ஞாயிறு

‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ (2004) மீண்டும் பார்த்தேன். தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோஃபிக்கு வயது பதினெட்டு. சாபத்தால் ஒரே இரவில் தொண்ணூறு வயதுக் கிழவியாகிறாள். அதன் பிறகும் காட்சிக்குக் காட்சி அவள் முகத்தின் வயது மாறுகிறது. முகம் இப்படி மாறிக்கொண்டே இருந்தால், இவள் அவள்தான் என்று பார்ப்பவருக்கு யார் சொல்வது? அதனால்தான் படம் முழுவதும் ஒரே மெட்டு ஓட வேண்டும் என்று மியசாகி கேட்டார். ஹிசாய்ஷி தந்தது ஒரு வால்ட்ஸ். நம் கணக்கில் சொன்னால் ‘தகிட, தகிட’ என்று சுழலும் திச்ரம். பியானோவில் தனியாகவும், முழு இசைக்குழுவோடும், சில இடங்களில் மெட்டின் ஒரு துணுக்காகவும் அது வருகிறது.

சந்தில் துரத்தப்படும் சோஃபியை மந்திரவாதி ஹவுல் கைபிடித்து வானத்தில் தூக்கும் காட்சியில் அந்த வால்ட்ஸ் விரிகிறது. கீழே கொடிகளும் கூட்டமும். மேலே இருவரும் வெற்றுவெளியில் நடக்கிறார்கள். சோஃபி முதலில் பதறிக் கால்களை உதைக்கிறாள், பிறகு அடி பிடிபடுகிறது. பறப்பதை நடப்பதாகக் காட்டியது வரைந்தவர்களின் திறம். அந்த நடைக்குத் தரை போட்டுக் கொடுத்தவை மூன்று எண்ணிக்கைகள். மெட்டு சோகச் சாயலுள்ள மைனர் சுரங்களில் அமைந்திருந்தும் கால்கள் ஆட விரும்புகின்றன. ராட்டினத்தில் ஏறிய குழந்தைக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் ஒன்றாக வருமே, அதுதான் இது.

ஜூன் 20, வியாழன்

ஹிசாய்ஷி 1950இல் நாகானோ மாநிலத்தில் பிறந்தார். இயற்பெயர் மமோரு ஃபுஜிசாவா. அமெரிக்க இசைக்கலைஞர் குயின்சி ஜோன்ஸின் பெயரை ஜப்பானிய எழுத்துகளுக்குள் கொண்டுவந்து அமைத்த புனைபெயர்தான் ஜோ ஹிசாய்ஷி. இளமையில் அவரை ஆட்கொண்டது மினிமலிசம்: சிறியதொரு சுர அமைப்பைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதைச் சுற்றியுள்ளதை மெல்ல மெல்ல மாற்றும் முறை. ‘நௌசிக்கா’வில் (1984) அவரும் மியசாகியும் முதன்முறையாக இணைந்தபோது, படம் முடிவதற்கு முன்பே அதன் உலகைக் கற்பனை செய்து ஹிசாய்ஷி ஓர் இசைத்தொகுப்பு உருவாக்கினார், பின்னர் வந்த படங்களிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. காட்சிக்குப் பின்னால் ஓடும் இசையாக அது தோன்றாததற்கு இது ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன். 2002இல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது மியசாகி சில முறை கைதட்டிக் காட்டி, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இருக்கும் காலத்துக்கு ‘மா’ என்று பெயர் என விளக்கினார். முதல் நாள் என் விரல்களுக்குப் பிடிபடாதது அதுதான்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டார் உறங்கிய பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ‘ஆறாம் நிலையம்’ கேட்டேன். ‘ஸ்பிரிட்டட் அவே’யில் சிஹிரோ ரயில் ஏறும் காட்சி. தண்டவாளம் நீருக்கடியில் இருக்கிறது. முன்பு திரும்பி வரும் ரயிலும் இருந்தது, இப்போது போவது மட்டும்தான் என்று கொதிகலன் அறைக் கிழவர் கமாஜி சொல்லி அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் முகமூடி அணிந்த ஆவியான முகமிலி, எதிரே நிழல்களாகப் பயணிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர்கள் இறங்கிக் குறைகிறார்கள். ஒரு நடைமேடையில் சிறுமியொருத்தியின் நிழல் நின்றுகொண்டிருக்கிறது. யாருக்காக என்று படம் சொல்வதில்லை. சிஹிரோ எதுவும் பேசாமல் நேரே பார்த்து அமர்ந்திருக்கிறாள். காரில் சுருண்டு படுத்திருந்தவள் இப்போது முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பியானோ சில சுரங்களைச் சொல்லி நிறுத்துகிறது, மீண்டும் சொல்கிறது. தந்திக் கருவிகள் அதைத் தொடாமல் அடியில் நீண்டு கிடக்கின்றன.

பிறகு கருவியின் முன் அமர்ந்து படத்தின் முதல் காட்சிக்கான அந்த இசையை வாசித்தேன். கார்ட் விழுந்தது. அடுத்தது வருமுன் காலைத் தூக்கினேன். ஒலி அடங்கி, விசையிலிருந்து விரல் எழும் சிறு சத்தம்கூடக் கேட்டது.